வலி நின்னா நிறுத்திடு!

"பாவி! என் தங்கச்சியைக் கொன்னுட்டியே...!"

அந்த அலறலில் மருத்துவமனையின் மூன்றாவது மாடியே திரும்பிப் பார்த்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே, வெள்ளைத் துணிக்கு அடியில் முப்பத்தோரு வயதுத் தையல்காரி. வெளியே அவள் கணவன்... அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், இறந்தவளின் அக்கா.

இன்ஸ்பெக்டர் இருவருக்கும் நடுவில் புகுந்தாள்.

"கையை எடுங்கம்மா. என்ன நடந்துச்சு?"

"காது வலின்னு படுத்தவ மேடம்! காது வலியில யாராவது சாவாங்களா? பத்து நாளா இவன்தான் மாத்திரை கொடுத்தான். என்ன கருமத்தைக் கொடுத்தானோ...!"

கணவன் வாயே திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

"ஏட்டையா! இதை லேபுக்கு அனுப்புங்க!"

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தாள்.

விஷம் இல்லை. போலியும் இல்லை. அசல் மாத்திரை!

"அப்புறம் எப்படி டாக்டர் செத்தா?"

காது மூக்கு தொண்டை டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"காதுல பிடிச்ச சீழ் எலும்பை அரிச்சு மூளைக்குப் போயிடுச்சு. அவர் கொடுத்தது நான் எழுதின மாத்திரைதான். அதுக்கப்புறமும் நாலு மருந்து மாத்திப் பார்த்தோம். கிருமி எதுக்கும் மசியல. எல்லாத்தையும் தாங்கப் பழகிடுச்சு."

"பழக்கினது யாரு?"

"சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா வலி வந்தா ரெண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை, வலி நின்னா நிறுத்திடறதுன்னு வருஷக்கணக்கா இருந்தா... சோப்ளாங்கி கிருமி சாகும். முரட்டுக் கிருமி தப்பிச்சுப் பெருகும்."

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் பறந்தாள். கணவனை எதிரே உட்கார வைத்தாள்.

"அரைகுறையா மாத்திரை கொடுத்துப் பழக்கினது யாரு?"

"நான்தான் மேடம்."

நான்கு நாளாக ஊமையாக இருந்தவன்... நொடியில் ஒப்புக்கொண்டான்!

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

அப்போதுதான் அக்கா புயலாக உள்ளே வந்தாள்.

"ஒத்துக்கிட்டானா? அவளுக்கு எப்ப காது வலிச்சாலும் நான்தான் மேடம் ஓடுவேன்! கிளினிக்ல டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. மிச்சமாகிற சாம்பிள் மாத்திரையில ரெண்டு கொடுப்பேன். மறுநாளே வலி பறந்துடும்! பன்னிரண்டு வருஷமா நான் காப்பாத்தினவளை இவன் பத்தே நாள்ல...!"

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

கணவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணில் கெஞ்சல்.

அவள் அவனை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"ஏன்யா பொய் சொன்னே?"

"அம்மா இல்லாத பொண்ணு மேடம் அவ. அக்காதான் இடுப்புல சுமந்து வளர்த்தாங்க. என்னைத் திட்டிக்கிட்டாவது உயிரோட இருக்கட்டும். தான் கொடுத்த மாத்திரைதான் காரணம்னு தெரிஞ்சா... தாங்க மாட்டாங்க."

தொப்பென்று ஏதோ விழுந்தது.

கதவருகே அக்கா! நழுவிய கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகள் சிதறிக் கிடந்தன.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

இந்த முறை அவள் அலறவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை... நானா?"

அவன் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"விடுங்கக்கா. அவளுக்கு வலிக்கக் கூடாதுன்னுதானே கொடுத்தீங்க."

அதன் பிறகு இருவரும் அழுதார்கள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, வெகு நேரம்.

ஏட்டையா ஃபைலோடு வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"மேடம்... குற்றவாளின்னு யாரைப் போட?"

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கிருமின்னு போடுங்க ஏட்டையா. செத்தவ தலைக்குள்ளேயே... தலைமறைவு!"