தேங்காய் உருண்டையில் சோப்பு

காந்திமதியின் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்குள் பன்னீர்செல்வம் படபடப்போடு நுழைந்தார். நெய்வேலி மெயின் பஜாரில் இனிப்புக் கடை வைத்திருப்பவர். மைன்ஸில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் அவர் கடை மிளகுத் தேங்காய் உருண்டைக்காகவே பைக்கை நிறுத்துவார்கள்.

“உருண்டை சோப்பு மாதிரி இருக்குதுன்னு ஊரே பேசிகினு இருக்குது மேடம். பாத்திரம் கழுவுற செல்லக்கிளி சரியா அலசுறதில்ல. வேலையை வுட்டு நிறுத்தப்போறேன். சோப்பு இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும்.”

அவருக்குப் பின்னாலேயே செல்லக்கிளியும் வந்து நின்றார். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“அதே பாத்திரத்துலதான் லட்டும் புடிக்கிறாங்க. லட்டுல ஏன் சோப்பு வரல? அதைக் கேளுங்கம்மா.”

“லட்டைப் பத்தி யாரும் குறை சொல்லலையா?” என்றார் காந்திமதி.

“இல்லீங்க.”

“உருண்டை வாங்கின அன்னிக்கே அப்படி இருக்கா?”

பன்னீர்செல்வம் யோசித்தார். “அன்னிக்கு நல்லாத்தான் இருக்குதாம். வூட்டுல வச்சி நாலு நாள் கழிச்சித் தின்னாத்தான் சோப்பு.” பிறகு பெருமையாகச் சொன்னார்: “இத்தனைக்கும் இப்ப ருசி கூடித்தான் இருக்குது. மிளகை வறுக்காம பச்சையாவே அரைச்சி, பாகு ஆறின பிறகு தூவுறேன். வாசனை தூக்கும்!”

பழைய உருண்டையும் புதியதுமாக அவர் கொண்டுவந்திருந்த டப்பாவைக் காந்திமதி வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும், கூடத்தின் கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் அருண்குமார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். “எல்லாத்தையும் பெரிய மெஷின்ல போட்டுடலாமா மேடம்? உள்ளே இருக்கிற அத்தனையும் வரிசையா வந்துடும்.”

“நூறு பொருள் வரும். அதுல எது நாக்குல சோப்பாத் தெரியுதுன்னு மெஷின் சொல்லுமா? நிறைய இருக்கிறதெல்லாம் ருசியில தெரியணும்னு இல்லை. முதல்ல தின்னு பாருங்க.”

தின்பதென்றால் அருண்குமாருக்கு எப்போதும் சம்மதம். பழைய உருண்டையைக் கடித்தவர் முகம் கோணியது. “சோப்பேதான்!”

அடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பைப் பிடிக்கும் நீலச் சாயச் சோதனையைச் செய்தார்கள். சோப்பு இருந்தால் நீலம் அதோடு சேர்ந்து குழாயின் அடியில் இருக்கும் திரவத்துக்குள் இறங்கும். ஒரு துளிகூட இறங்கவில்லை.

“நாக்கு சோப்புங்குது, சோதனை இல்லைங்குது. யார் பொய் சொல்றாங்க?” என்றார் அருண்குமார்.

“ரெண்டு பேரும் இல்லை. சோப்புங்கிறது அந்த ருசிக்கு நாக்கு வச்ச பேரு. அந்தப் பேருக்கு உரிய பொருள் எதுன்னு இப்பத் தேடலாம். கொழுப்பிலிருந்து பிரிஞ்ச அமிலம் இருக்கான்னு மட்டும் மெஷின்ல பாருங்க.”

மாலைக்குள் விடை வந்தது. பழைய உருண்டையில், தேங்காய்க் கொழுப்பிலிருந்து பிரியும் லாரிக் அமிலம் மிதமிஞ்சி இருந்தது. புதியதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. காந்திமதி அதோடு விடவில்லை. உணவில் சேர்க்கத் தகுந்த அதே அமிலத்தை, அதே அளவில், புதிய உருண்டை ஒன்றில் பிசைந்து, சொல்லாமல் நீட்டினார். அருண்குமார் ஓடிப்போய் வாய் கொப்பளித்தார்.

“நன்றி. ஆள் அகப்பட்டாச்சு,” என்றார் காந்திமதி.

அடுத்த வாரம் கடையின் பின்கட்டில் எல்லோரும் கூடினார்கள். மேசையில் மூன்று தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டை.

“மூணும் ஒரே நாள் பிடிச்சு, நாலு நாள் வச்சது. செல்லக்கிளி கழுவின பாத்திரத்துல செஞ்சது எதுன்னு சொல்லுங்க சார்.”

பன்னீர்செல்வம் மூன்றையும் ருசித்தார். நடுத் தட்டிலேயே முகத்தைச் சுளித்தார். “இதான்! இதே சோப்புதான்!”

“அது எங்க கூடத்துல செஞ்சது. பாத்திரக் கடையில வாங்கின புதுப் பாத்திரம், வெந்நீர்ல மட்டும் அலசினது. சோப்பே படல. செல்லக்கிளி கழுவினது மத்த ரெண்டும்.”

பன்னீர்செல்வம் நடு உருண்டையை மறுபடி முகர்ந்து பார்த்தார்.

“சோப்பு பாத்திரத்துல இருந்திருந்தா முதல் நாளே கசந்திருக்கும், லட்டும் கசந்திருக்கும். நாள் போகப் போகத்தான் வருதுன்னா, உருண்டைக்குள்ளேயே ஏதோ வேலை பார்க்குது. பச்சை மிளகுத்தூள்ல கொழுப்பை உடைக்கிற நொதி ஒண்ணு இருக்கும். தேங்காய் ஈரத்துல அது எண்ணெயை உடைச்சு லாரிக் அமிலத்தை வெளியே விட்டுடுது. சோப்புக் காய்ச்சுறதுக்கும் அதே அமிலம்தான் உதவுது, அதனாலதான் நாக்கு அந்தப் பேரைச் சொல்லிச்சு. மிளகை வறுத்தா நொதி செத்துடும். முதல் தட்டுல இருக்கிறது வறுத்த மிளகு. நடுவுல இருக்கிறது உங்களை மாதிரியே வறுக்காம போட்ட மிளகு. மூணாவதுல மிளகே இல்லை.”

“அப்ப... குத்தம் என்னோடதா?” என்றார் பன்னீர்செல்வம். தயங்கித் தயங்கிச் செல்லக்கிளி பக்கம் திரும்பினார். “தப்பா பேசிட்டேம்மா. நாலு பேர் எதிருல சொன்னேன், அதே நாலு பேர் எதிருல எடுத்துக்குறேன்.”

செல்லக்கிளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இருப்புச்சட்டியை எடுத்து முதலாளியின் கையில் திணித்தார்.

“அதெல்லாம் சரிங்க மொதலாளி. மிளகை இனிமே நீங்களே வறுங்க.”

கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து எழுந்த தும்மல் பஜார் முழுக்கக் கேட்டது. அருண்குமார் முதல் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.