கேட்காத கேள்விக்கு வந்த பதில்

வீரபாண்டி மூன்று தடவைதான் கேட்டான். பதில் நான்கு வந்தது.

கேரவன் வண்டியின் வெளிப்புறத்தில் பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த சல்லடை மூடியைக் கழற்றி, அந்த இருட்டுப் பொந்துக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒவ்வொரு ஒயராக அசைத்துக்கொண்டிருந்தான். அசைத்துவிட்டு "இருக்கா பாய்?" என்று கத்துவான். உள்ளே நிற்கும் டிரைவர் கலீலுர் ரஹ்மான் பிரிட்ஜின் பச்சை விளக்கைப் பார்த்து "இருக்கு" என்றோ "போச்சு" என்றோ சொல்வார். வந்து வந்து போகிற பழுதை வேறு எப்படித்தான் பிடிப்பது? கரண்ட் ஓடும்போதுதான் அது அகப்படும். நிறுத்திவிட்டால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஆள் இரண்டு வேண்டும். நான்காவது "இருக்கு" வந்தபோது அவன் வாயைத் திறக்கவேயில்லை.

மத்தியானம் மூன்று மணிதான். ஆனால் ஓமானின் சலாலா மலையில் ஆகஸ்ட் மாதத்துக்கு மத்தியானம் ஏது? வளைகுடா முழுக்க வெந்துகொண்டிருக்கும்போது இங்கே மட்டும் தூறலும் பனிமூட்டமும். அதை அனுபவிக்கத்தான் துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் அடிக்கிறார்கள். ஈரப் புல்லும் டீசல் புகையும் ஒட்டகச் சாணமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. பத்தடிக்கு அப்பால் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஏழெட்டு ஜெனரேட்டர்கள் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. அதில் எது தங்களுடையது என்று காதை வைத்துச் சொல்ல முடியாது.

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டிக்குள் ஏறி, எத்தனை தடவை பதில் சொன்னார் என்று கலீல் பாயிடம் கேட்டான்.

"நீ எத்தன தடவ கேட்டியோ அத்தன தடவ சொன்னேன் தம்பி. எட்டு இருக்கும். ஏன், காதுல விழலையா?"

எட்டு. மற்ற ஐந்தையும் கேட்டது யார்? எதிரொலியாக இருக்கும் என்று ஏதோ சொல்லி வைத்தான். கலீல் பாய் சிரித்தார். அதிராம்பட்டினத்துக்காரர், எதற்கும் சிரிக்கிற மனுஷர். மூன்று வருஷத்துக்குப் பிறகு வரும் வியாழக்கிழமை ஊருக்குப் போகிறார். மனைவி ஜுலைஹா பீவி விமான நிலையத்துக்கே வரப்போவதாகச் சொன்னதைக் காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டார்.

அந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில், கட்டிமுடியாத ஒரு வில்லாவில், கூட வேலை செய்த அன்பரசன் ஏணிமேல் நின்றபடி கரண்ட் அடித்துச் செத்தான். கீழே மெயின் போர்டு வீரபாண்டியின் பொறுப்பு. "லைன் ஆஃப்" என்று வீரபாண்டி கத்தியதைக் கேட்டதாக மூன்று பேர் சொன்னார்கள். லைன் ஆஃப் ஆகவில்லை. அவன் அப்போது வெளியே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். வாய் நிறையச் சோறு. தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். யார் நம்புவார்கள்? நாளாக நாளாக அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கத்தியிருப்பேனோ? கத்தியிருந்தாலும் ஒன்று, கத்தாவிட்டாலும் ஒன்று, அன்பரசன் திரும்பப் போவதில்லை. அன்றிலிருந்து வீரபாண்டி தனியாகத்தான் வேலை செய்தான். இன்றைக்கு இந்தப் பாழாய்ப்போன பிரிட்ஜ் இன்னொரு ஆளைக் கேட்டது, கலீல் பாய் நான் நிற்கிறேன் என்றார்.

கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் ஐந்து மணிக்கு வண்டிக்காரக் குடும்பம் வந்துவிடும். போட்டுவிட்டுப் போனால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அன்பரசனைச் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்தில்தான் மனுஷன் வாயை மூடிக்கொண்டு மறுபடி பொந்துக்கு முன்னால் போய்க் குந்தினான்.

இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் அசைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அசைத்தான். உள்ளேயிருந்து கலீல் பாயின் குரல் நிதானமாக வந்துகொண்டிருந்தது. இருக்கு. இருக்கு. இருக்கு. போச்சு.

போச்சு என்ற இடத்தில் அவன் ஸ்க்ரூடிரைவர் நின்றிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தான். ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ கருகித் தளர்ந்து, அதிலிருந்த ஒயர் தொட்டும் தொடாமலும் தொங்கியது. ஒரு மணி நேரமாக அவனை ஆட்டிவைத்த சனியன் இதுதான். இறுக்கினால் முடிந்தது. இறுக்க வேண்டுமென்றால் கரண்டை நிறுத்த வேண்டும்.

உள்ளே இருந்த சுவிட்சை அவன் நம்பவில்லை. கத்திச் சொல்லி நிறுத்தவும் விருப்பமில்லை. முப்பது காலடி தள்ளியிருந்த ஜெனரேட்டரைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டு வருவது, அதுதான் சரி. கலீல் பாயை வெளியே கூப்பிட்டு டார்ச்சைக் கொடுத்தான். ஒயர் பின்னால் நழுவிவிட்டால் மறுபடி தேட வேண்டும், வெளிச்சத்தை அதன் மேலேயே வைத்திருங்கள் என்றான்.

"பாய், யாரு கத்தினாலும் தொடாதீங்க. என் குரல் கேட்டாலும் தொடாதீங்க. நான் வந்து உங்க முன்னாடி நின்னு சொன்னாத்தான் கைய வைக்கணும்."

"சரிப்பா. நீ வந்து நின்னாத்தான். போயிட்டு வா."

ஈரப் புல்லில் செருப்பு வழுக்கியது. கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தான். பத்துக் காலடி. திரும்பிப் பார்த்தால் கேரவன் இல்லை, டார்ச் வெளிச்சம் மட்டும் மஞ்சளாக ஒரு கறை. பக்கத்தில் எங்கோ ஒட்டகம் புல்லைப் பிடுங்கித் தின்னும் சத்தம். பதினைந்து. பனி கண்ணிமையில் சொட்டியது. இருபது. இருபத்தைந்து. ஜெனரேட்டரின் சூடு முகத்தில் பட்டது.

அப்போது பின்னால் கலீல் பாய் பேசினார்.

"என்னப்பா, அதுக்குள்ள வந்துட்ட?"

வீரபாண்டி நின்றுவிட்டான்.

"ஆஃப் பண்ணியாச்சு பாய்." அவனுடைய குரல். சாயல்கூட இல்லை, அதே குரல். அவன் ஊரான கமுதியின் இழுவையோடு, லேசான மூச்சிரைப்போடு. "ஒயரப் பிடிங்க, நான் இறுக்குறேன்."

கத்தினான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையில் காற்று மட்டும். பாய்ந்தான். சுவிட்சைத் தேடினான். கிடைத்தது. அடித்தான். ஜெனரேட்டர் விக்கி விக்கி அடங்கியது. மற்ற ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டே இருந்தன.

ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான். டார்ச் புல்லில் கிடந்தது. அதன் வெளிச்சத்தில் கலீல் பாயின் உள்ளங்கால் தெரிந்தது. செருப்பு தனியாகக் கிடந்தது.

பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் நாலைந்து பேர் வெள்ளைக்குள்ளிருந்து ஓடி வந்தார்கள். வீரபாண்டி கையை ஆட்டினான். அவனை உரசிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கலீல் பாயைச் சுற்றி நின்றார்கள். அங்கே ஏற்கெனவே ஒருவன் மண்டியிட்டிருந்தான். அதே நீலச் சட்டை. முழங்கையில் வீரபாண்டி தானே தைத்த அதே கிழிசல். முதுகு குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தான்.

ஒரு பெரியவர் குனிந்து அவனை அணைத்துக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன்," என்றான் அவன், வீரபாண்டியின் குரலில். "ஆஃப்னு நான்தான் சொன்னேன். அன்னைக்கும் நான்தான்."

வீரபாண்டி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். கைக்குள்ளே உதடுகள் இறுக மூடியிருந்தன. அங்கே அழுகை நிற்கவேயில்லை.