வாப்பா வந்திருக்கிறார்

அஸர் தொழுதுவிட்டு ஜுனைதா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, முன்வாசல் நிலைக்கு மேலே பொருத்தியிருந்த பெட்டி, வழக்கமான அந்தப் பெண்குரலில், "வாப்பா வந்திருக்கிறார்" என்றது.

துருவிய கை அப்படியே நின்றது. அவளுடைய கணவர் அப்துல் கபூரை மருதமுனை மையவாடியில் அடக்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. தகப்பனின் முகத்தைக் காட்டி, இதுதான் வாப்பா என்று மகன் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் அவர் ஒருவர்தான்.

எழுந்துபோய்ப் பார்க்க அவளுக்கு வழியில்லை. கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இத்தா இருக்கிற பெண் வாசலை எட்டிப் பார்த்து, அங்கே அந்நிய ஆண் யாரும் நின்றுவிட்டால் என்ன செய்வது? அந்தச் சங்கடத்துக்காகத்தான் பெட்டியே வீட்டுக்கு வந்தது. டோஹாவில் வேலை செய்கிற ஒரே மகன் பர்ஸான், வாசலையும் ஹோலையும் பார்க்கும் கண்களும் குரலும் உள்ள இந்தச் சாமானையும் அதற்கு ஜோடியான பூட்டையும் வாங்கி, ஊருக்கு வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினான். வாசலுக்கு ஆள் வந்தால் பெட்டி முகத்தைப் பார்த்து, வீட்டுக்குள் பெயரைச் சொல்லும். அதே நேரம் டோஹாவில் அவனுடைய போனிலும் படம் விழும். உம்மாவின் முன்னே வரக்கூடியவர் என்றால் அவன் அங்கிருந்து விரலால் அமத்துவான், இங்கே கதவு திறக்கும். ஜுனைதா ஹோலுக்கும் அறைக்கும் நடுவே தொங்கும் கைத்தறிச் சீலைக்குப் பின்னால் நிம்மதியாக இருக்கலாம். ஊரே மெச்சியது. பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கல்முனையிலிருந்து வந்து பூட்டைப் பொருத்தியவர், பழைய தாழ்ப்பாள் இடைஞ்சல் என்று அதைக் கழற்றி, துளைகளை மாவு வைத்து அடைத்துவிட்டார். உள்ளேயிருந்து கதவைத் திறக்கலாம். வெளியிலிருந்து யாரும் வராமல் அடைத்து வைக்கத்தான் வழியில்லாமல் போனது. அன்றைக்கு அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

போன் அடித்தது. பர்ஸான் சிரித்துக்கொண்டே பேசினான். அவனுக்கும் செய்தி வந்ததாம். படத்தில் வெறும் ரோடுதான் இருக்கிறதாம். சுபியான் சாச்சா அந்தப் பக்கம் போயிருப்பார், அவருக்கு வாப்பாவின் சாயல், பெட்டி குழம்பிவிட்டது என்றான். ஜுனைதாவும் சிரித்தாள். கணவரின் தம்பிக்கு அண்ணனின் மூக்கும் நெற்றியும் அச்சாக அப்படியே இருப்பது உண்மைதானே. ஆனால் அன்றிரவு அவள் தேங்காய்ச் சம்பலைத் தொடவில்லை.

மறுநாள் அதே நேரம் பெட்டி மறுபடியும் சொன்னது. அப்போது அவளுடைய தம்பி றம்ஸீன் மீன் கொண்டுவந்து ஹோலில் உட்கார்ந்திருந்தார். அவர் உடனே வெளியே போய்ப் பார்த்தார். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. திரும்பி வந்தவர், சாமான் பழுதாகிவிட்டது என்றார். பிறகு சீலைக்கு அந்தப் பக்கம் நின்றபடி குரலைத் தாழ்த்தி, "ராத்தா, வாசல்ல புதுச் சாரன்ட கஞ்சி மணம் அடிக்கி" என்றார். தேத்தண்ணியையும் குடிக்காமல் போய்விட்டார்.

கபூரின் கடை கல்முனை பஸாரில். ஆண்கள் உடுக்கும் சாரனும் பெண்கள் உடுக்கும் சாரியும் விற்ற மனிதர். கடை மூடிவிட்டு வருகிறபோது அவர் மேலெல்லாம் புதுத்துணியின் கஞ்சியும் அத்தரும் கலந்து மணக்கும். அந்த மணம் ஹோலுக்குள் வந்ததும் ஜுனைதா கையில் இருந்ததை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். ஊருக்கு அவர் தங்கமான மனிதர். பள்ளிவாசல் காரியம் என்றால் முதல் ஆள். அவருடைய கை அவள்மேல் விழுந்ததை மகன்கூடக் கண்டதில்லை. தழும்பு விழாமல் அடிக்கத் தெரிந்தவர். அவர் மௌத்தான அன்று அவள் அழுதாள், உண்மையாகவே அழுதாள். ஆனால் நாலைந்து நாள் கழித்து ஒரு பின்னேரம், ஹோலில் காலடி கேட்காத ஒரு பின்னேரம், தன் மூச்சு இவ்வளவு நீளமானதா என்று அவளே வியந்துபோனாள். அந்த மூச்சை அவள் யாருக்கும் சொல்லவில்லை. இத்தா வீட்டில் இருந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமா அது?

அன்றிரவு மகனிடம் கேட்டாள், அந்தப் பெயரை எடுத்துவிடு என்று.

பர்ஸான் மறுத்தான். "வாப்பாட பேர அழிக்க மனசு வருகுதில்ல உம்மா" என்றான். அவன் கடைசியாக ஊரை விட்டுப் போகும்போது வாப்பா வாசலில் நின்று கையசைத்த படம்தான் முதலில் பெட்டிக்குக் கொடுத்த படமாம். ஜனாஸா அடக்கத்துக்கும் அவனுக்கு வரக் கிடைக்கவில்லை. அவன் அழுவது கேட்டதும் அவள், அழாத மகன் என்று தேற்றினாள். சரி, பெட்டி செய்த கொம்பனிக்கு எழுதிக் கேட்கிறேன் என்றான். எழுதினான். மனிதர் யாரும் பதில் சொல்லவில்லை. எழுதிய கையோடு இயந்திரம் ஒன்று பதில் அனுப்பியது: உங்கள் குடும்பத்தாரின் முகங்களை நாளுக்கு நாள் நாங்கள் இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்கிறோம். அவன் அதை வாசித்துக் காட்டியபோது, அவனுக்கு அது ஆறுதலாக இருந்ததுபோல அவளுக்குப் பட்டது. கடைசியில் பெயரை எடுத்துவிட்டேன் என்று சொன்னான்.

சில நாள் பெட்டி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஜுனைதா ஓரளவு சாப்பிட்டாள், தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். துணைக்கு இருக்கும் நாத்தனார் மகள் உம்மு வீட்டில் இல்லை, பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வருவாள். வெயில் சாய்ந்து, அறையின் சீமெந்துத் தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் நீண்டு கிடந்தது. கடல் பக்கமிருந்து உப்புக் காற்று வந்துகொண்டிருந்தது. பிறகு அது நின்றது. வாசல் கேட்டின் கொக்கி கிளம்பும் சத்தம் மெல்லக் கேட்டது. அந்தக் கேட் தரையில் உரசும். யார் திறந்தாலும் கிறீச்சென்று ரோடு முழுக்கக் கேட்கும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் வருவதற்காக அதைத் தூக்கித் திறக்கும் மனிதர் ஒருவர்தான் இருந்தார்.

கேட் உரசவில்லை.

"வாப்பா வந்திருக்கிறார்."

பின்கதவுக்கு ஓடினாள். கொக்கியில் கை வைத்துவிட்டாள். வெளியே பக்கத்து வளவில் ஆண்கள் நெல் மூட்டை இறக்குகிற சத்தம், சிரிப்பு, பேச்சு. ஒரு அடி வைத்தால் அத்தனை கண்ணுக்கும் முன்னே நிற்பாள். இத்தாவை முறித்துக்கொண்டு ஓடியவள் என்று ஊர் பேசும். என்னத்துக்கு ஓடினாய் என்று கேட்டால் என்ன பதில்? செத்த புருசனுக்குப் பயந்து என்றா? கை கொக்கியிலேயே கிடந்தது. எடுக்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

போன் அடித்தது. அறைக்குத் திரும்பி எடுத்தாள். திரையில் பர்ஸானின் முகம் கண்ணீரில் நனைந்து, சின்ன வயதில் பெருநாள் உடுப்பைக் கண்டதும் மலர்ந்ததுபோல மலர்ந்திருந்தது.

"உம்மா, வாப்பா உம்மா. வாசல்ல நிக்காரு. என்னப் பார்த்துச் சிரிக்காரு."

"திறக்காத மகன்."

"நான் பேர அழிக்கல்ல உம்மா. உங்களுக்குப் பொய்தான் சொன்ன. அழிச்சிருந்தா வாப்பா எப்பிடி வருவாரு?"

"திறக்காத."

"ஏன் உம்மா?"

இத்தனை வருடம் தொண்டைக்குள் கிடந்தது. மகனின் படிப்புக்காக, மகனின் பெயருக்காக, மகன் வாப்பாமேல் வைத்த பாசத்துக்காக விழுங்கியது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது?

"அவரு எனக்கு அடிக்கிறவரு மகன். நீ படுத்ததுக்குப் பொறகு. எத்தினையோ வருசம்."

டோஹாவில் மகன் இல்லை என்று தலையை ஆட்டினான். அன்பாக, குழந்தையைத் தேற்றுவதுபோல.

"பயத்துல என்னவோ கதைக்கிறீங்க உம்மா. வாப்பாவா?"

திரையில் அவன் விரல் அசைந்தது.

டக்.

கதவு திறந்த சத்தம். காலடி இல்லை. கஞ்சி மணம். அத்தர். அதற்கடியில் ஈரமண்.

ஜுனைதா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கினாள். கலிமா வாயில் வர மறுத்தது. போனுக்குள் ஹோலின் படத்தைப் பார்த்துக்கொண்டு மகன் அழுதான், சிரித்தான், அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான்.

"வாப்பா உங்களத்தான் தேடுறாரு உம்மா. கிட்டப் போங்க."

காற்றில்லை. சீலை அவள் பக்கமாக உப்பியது. முதலில் நெற்றி. பிறகு மூக்கு. தோள்கள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்ளே இழுபட்டது, வெளியே வந்தது, மறுபடி இழுபட்டது. முகம் அறையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை மெல்லத் துழாவி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வந்து நின்றது.

சீலைக்குள்ளே, தோளுக்கு மேலே, கை உயர்ந்தது.