நாலு விரல் ஆழம்

படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் யாரோ விரலால் தட்டியது போலிருந்தது. ராம்பிரசாத் கண்ணைத் திறந்தான். ஆறாம் மாடி. புறாவாக இருக்கும் என்று போர்வையை இழுத்துக்கொண்டான்.

தசரா இரவு. மனைவி பட்டுவும் மகள் ப்ரீதியும் மராட்டியர் வழக்கப்படி தங்கமென்று சொல்லிக் கொடுக்கும் ஆப்டா இலைகளை எடுத்துக்கொண்டு குடியிருப்புச் சொசைட்டிக்காரர்களுக்கு வாழ்த்துச் சொல்லக் கீழே போயிருந்தார்கள். போகுமுன் பட்டு, கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, பட்டுத்துணியால் கழுத்துவரை போர்த்தியிருந்தாள். ஹாலிலிருந்து கற்பூரமும் சுண்டலும் மணத்தன.

கொலுவுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி. அதற்குள் அவன் ஆசையாய் வாங்கிய ஆப்பிரிக்க மண்ணுளிப் பாம்பு. நாலு விரல் ஆழத்துக்கு மரச்சீவல் நிரப்புங்கள், புதைந்து கிடந்தால்தான் அதற்கு நிம்மதி என்று கடையில் சொன்னார்கள். அவன் வெள்ளைக் கூழாங்கல்லை ஒரே அடுக்காகப் பரப்பினான். புதைந்து கிடந்தால் யார் பார்ப்பது? கொலுவுக்கு வந்தவர்களிடமெல்லாம், "தட்டுங்கோ மாமி, அசையும்" என்றான். ருக்மிணி மாமி தட்டினாள். அவள் பேரன் தட்டினான். பாம்பு கல்லுக்குள் மூக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்தது. தோல் உரிந்து கற்களில் சிவப்பு ஒட்டியது.

ஒரு நாள் ப்ரீதி ஒரு மூலையில் ஒரு பிடி மரச்சீவல் போட்டிருந்தாள். பாம்பு தலையை மட்டும் அதில் செருகிக்கொண்டு கிடந்தது.

"தலையாவது மறைஞ்சிருக்கட்டும்ப்பா."

அவள் கண்ணெதிரிலேயே வாக்குவம் கிளீனரால் அதை உறிஞ்சி எடுத்தான்.

இன்று மாலைகூடப் பட்டு கேட்டாள். "ஏன்னா, மண்பொம்மைக்கே போர்வை போத்தறோம். உசிருள்ள ஜீவனுக்கு ஒரு பிடி சீவல் போட்டா குறைஞ்சா போயிடுவோம்?"

"நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து வர்றா. அவாளும் பாத்துட்டுப் போகட்டும். உன் தர்ம உபன்யாசத்தை அப்புறம் வெச்சுக்கோ."

மறுபடி தட்டும் ஓசை. டக். டக்.

புறா இல்லை. நகத்தின் ஓசை. திரைச்சீலைக்கு அப்பால், தெருவிளக்கு எட்டாத அந்த உயரத்தில், ஆஸ்பத்திரி விளக்கைப் போல ஒரு வெள்ளை வெளிச்சம் மெல்ல ஏறிக்கொண்டே வர, அறையின் நிழல்கள் ஒவ்வொன்றாக, கட்டிலடியிலிருந்ததும் பீரோ இடுக்கிலிருந்ததும்கூட, கரைந்து போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். போர்வையைத் தலைவரை இழுத்தான். கால் வெளியே வந்தது. காலை மூடினான். முகம் வெளியே வந்தது. பிறகு இழுக்க எதுவுமே கையில் இல்லை.

"பட்டு" என்று கூப்பிட நினைத்தான். மூச்சு மட்டும் சீறியது.

முதுகுக்கடியில் மெத்தை உருண்டை உருண்டையாக இருந்தது. குளிர்ந்த கற்கள். குப்புறப் புரண்டு முகத்தைப் புதைக்கப் பார்த்தான். மூக்கு கல்லில் இடித்தது. இன்னொரு இடத்தில் நுழைத்தான். அங்கும் கல். கல்லுக்கடியில் கண்ணாடி. எதுவோ உரிந்தது. வாயில் ரத்தம் கரித்தது.

கதவு திறந்திருந்தது. ஹாலில் அந்தப் பொம்மை கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கியது.

டக்.

மேலே பார்த்தான். ஜன்னல் நிறைய முகங்கள். ஒன்றின்மேல் ஒன்று. வளையல் போட்ட கை. ஒரு பிரம்மாண்டமான விரல்.

"உசிரோடதான் இருக்கா?" என்றது ஒரு குரல்.

"இருக்கு. தட்டுங்கோ மாமி, அசையும்."

அது அவனுடைய குரல்.

விரல் இறங்கியது. கண்ணை மூடிக்கொள்ள முயன்றான்.

மூட இமைகள் இல்லை.