ஒரு மில்லிமீட்டர் பேய்

பேய் என்றால் ஆளுயரம் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. தாம்பரத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் வந்தது ஒரு மில்லிமீட்டர்தான்.

2008. மின்வெட்டுக் காலம். அம்மை கண்டு இரும்புலியூர் வீட்டோடு கிடந்த சுஃபியான், தழும்பு காய்ந்ததும் நேரே ஆய்வகத்துக்கு வந்தான். அவன் வளர்த்தது உருளைப்புழுக்கள். கண்ணாடி உடம்பு. நீல விளக்கு பட்டால் குடல் செல்களுக்குள் இருக்கும் நுண்ணறைகள் பச்சை வளையமாக ஒளிரும். அப்படி வளையமாக ஒளிர்வது அவன் புழுக்களில் மட்டும்தான். அவனுடைய முனைவர் பட்டமே அதில்தான் இருந்தது. ஃப்ரீசரில் வைத்த பங்கு மின்வெட்டில் போய்விட்டதால், மிச்சம் தீனிக் கூழ் ஊற்றிய தட்டுகளில் இருந்தவைதான். தீனி தீருமுன் புதுத் தட்டுக்கு மாற்றாவிட்டால் பட்டினியில் செத்துவிடும்.

"நான் பாத்துக்கறேன் மச்சான், நீ ரெஸ்ட் எடு" என்று போனில் சொன்னவன் ஆரோன், பக்கத்து மேசைக்காரன்.

தட்டுகள் அப்பளமாகக் காய்ந்திருந்தன.

சுவரில் புதுப் போஸ்டர். சுஃபியான் எடுத்த பச்சை வளையப் படங்கள். பெயர் மட்டும் ஆரோன்.

"என்னடா இது?"

"உன்னுதுன்னு எப்படிடா காட்டுவ?" ஆரோன் டீயை ஊதினான். "புழுதான் இல்லயே."

சுஃபியான் ஒரு காய்ந்த தட்டை எடுத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப் இருக்கும் இருட்டறைக்குள் போனான். வெளியே மொட்டை வெயில். உள்ளே கை தெரியாத இருட்டு, புளித்த வாடை. ஆரோனும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தான்.

சருகாகக் கிடந்தது ஒரு புழு. நீல விளக்கைப் போட்டான். வளையங்கள் ஒளிர்ந்தன. செத்தாலும் விளக்குப் பட்டால் கொஞ்சம் ஒளி இருக்கும் என்று நினைத்து விளக்கை அணைத்தான்.

வளையங்கள் அணையவில்லை.

புழு நெளிந்தது.

"தள்ளுடா, பாக்கறேன்." ஆரோன் கண்ணை வைத்தான். "ஒண்ணும் இல்லயே. தட்டு காலிடா."

"நல்லா பாரு."

"மச்சான்... கண்ணுக்குள்ள ஏதோ ஊருது."

கரண்டு போனது. ஏசியின் இரைச்சல் நின்றது.

ஆரோனின் சட்டைப் பொத்தானுக்குக் கீழே ஒரு பச்சை வளையம். பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக.

"மச்சான்," கிசுகிசுத்தான் ஆரோன், "ரொம்பப் பசிக்குதுடா."

சுஃபியானுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. எந்த மைக்ரோஸ்கோப்பிலும் வைக்க முடியாத ஆதாரம்.

பட்டம் ஆரோனுக்குத்தான். இப்போது கூடுவாஞ்சேரியில் சொந்த வீடு. எவ்வளவு சாப்பிட்டாலும் எலும்பும் தோலுமாக இருக்கிறான். மின்வெட்டு வந்தால் அந்த வீட்டில் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை.