மீனில்லாத தொட்டி

அன்று சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கவில்லை.

குறைய வேண்டும். கடல் தண்ணீர் ஊற்றிய எந்தத் தொட்டியிலும் தினமும் ஒரு சொம்பாவது ஆவியாகப் போகும். உப்பு மட்டும் போகாமல் தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும் என்று ஸ்வேதா அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். எதுவரை ஊற்றலாம் என்பதற்குக் கண்ணாடியில் நகப்பூச்சால் ஒரு கோடும் இழுத்து வைத்திருந்தாள். குழாய்த் தண்ணீர் எப்போதாவது ஒருநாள் வருகிற இந்தத் தீவின் கராச்சர்மா ஊரில், குடிக்கவே குடம் பார்த்துச் செலவழிக்கிற வீட்டில், பாசிக்கு நல்ல தண்ணீரா என்று ராஜவேல் மகளைக் கிண்டல் செய்யாத நாளில்லை. இப்போது மகள் இல்லை. ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலை முடிந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல், சொம்பை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் போய் நின்றுவிடுகிறான். வேறு எதிலும் மனம் செல்லாத மனிதனுக்கு அது ஒரு வேலை.

கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது.

"கோதை, நீ தண்ணி ஊத்தினியா?"

அடுப்படியில் நின்ற பூங்கோதை திரும்பாமலே தலையை ஆட்டினாள். இல்லை என்று அர்த்தம். மகள் போனதிலிருந்து மனைவியிடமிருந்து அவனுக்குக் கிடைப்பதெல்லாம் இந்தத் தலையாட்டல்தான். அவள் அழுது ஒருவரும் பார்க்கவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் கட்டிப்பிடித்துக் குலுக்கியபோதுகூட, யாருக்கோ நடந்ததுபோல உட்கார்ந்திருந்தாள்.

அது மீனில்லாத மீன்தொட்டி. காலேஜில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படித்த பெண், பிடிவாதம் பிடித்து வாங்கி, அதில் ஒரு நெத்திலியைக்கூட விடாமல் வெறும் கடல்பாசிகளை வளர்த்தாள். பச்சை மணிகளாகக் கொத்துக் கொத்தாக நிற்கும் கடல் திராட்சை. ஓரத்தில் விசிறி விசிறியாக ஒன்று. நடுவில், பாறையிடுக்குகளில் தேடி அவளே எடுத்து வந்த சிவப்புப் பாசி. மேலே ஊதா விளக்கு. வளர வளரக் கத்தரியால் வெட்டி விடுவாள். விட்டால் ஒன்றையொன்று அமுக்கிக் கொன்றுவிடும் என்பாள். "கொத்தமல்லி வளத்தாலும் ரசத்துக்காகும்" என்று ராஜவேல் சொன்னால், "இது அழகுக்குப்பா, வயித்துக்கில்ல" என்பாள். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோக விமானத்தில் இடம் கிடைத்த அன்று, அந்த இடம் தேவைப்படவில்லை.

அவனுக்கு ஒரே ஒரு பயம்தான் மிச்சமிருந்தது. பெண் போய்விட்டாள், இருக்கிற ஒருத்தியும் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவாளோ என்பதுதான் அது. அவள் ஒருமுறை வாய்விட்டு அழுதால் போதும், எதற்காகவாவது சிரித்தால் போதும், அதற்காக எதையும் கொடுக்க அவன் தயாராக இருந்தான்.

மறுநாளும் தண்ணீர் குறையவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் ஏறியிருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தான். காய்ந்த கூரை. சொம்பு நிறைய அள்ளி வெளியே ஊற்றினான். விடிந்ததும் பழைய அளவுக்கு வந்திருந்தது. சிவப்புப் பாசி மட்டும் மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுத் தொட்டி முழுக்கப் பரவியிருந்தது. கடல் திராட்சை நிறமிழந்து, கண்ணாடித் துணுக்குகளாக அடியில் கிடந்தது. செடி என்றால் வெளிச்சத்தைப் பார்த்து வளரும். பாசியும் அப்படித்தான் என்று ஸ்வேதா சொல்வாள். இது விளக்குக்கு முதுகைக் காட்டிவிட்டு, ஒரு பக்கக் கண்ணாடியில் மொத்தமாக அப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அடுப்படி. பூங்கோதை அங்கிருந்து படுக்கையறைக்குப் போய்ப் படுத்தால், ராஜவேல் மறுபடி பார்ப்பதற்குள் அது படுக்கையறைப் பக்கக் கண்ணாடிக்கு வந்திருக்கும். நகர்வதை அவன் கண்ணால் பார்த்ததில்லை.

இந்தத் தீவில் ஐந்து மணி தாண்டினால் இருட்டிவிடும். இருட்டும் நேரத்தில் கரண்டும் போகும். அன்றைக்கும் போயிற்று. தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரின் முனகல் நின்று, பக்கத்து வீட்டு டிவி நின்று, மழை வரப்போகிற இறுக்கத்தில் கத்த வேண்டிய தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டிருந்தன. அந்த அமைதிக்குள், ராஜவேல் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மிக அருகில், யாரோ சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி. அவன் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தான். பூங்கோதை தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். வலது கை முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தது. பாசி அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு, விட்டும் பிடித்தும் அசைந்துகொண்டிருந்தது.

"கோதை, கைய எடு."

அவள் எடுத்தாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவன் துடைத்துவிட்டான், கிள்ளிப் பார்த்தான். அவள் கையை இழுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜெயராணிதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள். அவள் தினமும் ஏதாவது சமைத்துக் கொண்டுவந்து பூங்கோதையைச் சாப்பிட வைக்கிறவள். வாசலுக்கு வெளியே ராஜவேலை நிறுத்தி, குரலைத் தணித்தாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா தலைல எண்ணெய் வைக்கலாம்னு பக்கத்துல போனா, கடல் வாடை அடிக்குது. குளிச்ச உடம்புதான். நானே குளிப்பாட்டி விட்டேன். அந்த டப்பாவ ஃபேங்க் தீஜியே அண்ணே. தூக்கிப் போட்டுருங்க."

"அது பிள்ளை வளத்தது."

"போன பிள்ளையவே பாத்துட்டு இருந்தா எப்படிண்ணே. இருக்கறவங்களையும் பாக்கணும்ல."

அன்றிரவு சாப்பிடும்போது ராஜவேல் மெல்லக் கேட்டான், தொட்டியை எடுத்துவிடலாமா என்று. பூங்கோதை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, பல நாட்களுக்குப் பிறகு, முழுசாகப் பேசினாள்.

"எடுக்க முடியாது. பிள்ளை அதுலதான இருக்கா."

"என்ன சொல்ற?"

"அஸ்திக் கலயத்தை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு கொய்யா மரத்துல கட்டி விட்டிருந்தீங்கள்ல. விடியக்காலம் போயி ஒரு கை அள்ளியாந்து இதுல போட்டேன். கடல்லதான கரைக்கச் சொன்னாங்க. இதுவும் கடல் தண்ணிதான."

சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டாள். ராஜவேலுக்குக் கோபம் வரவில்லை. பயம்கூட உடனே வரவில்லை. தொட்டியில் தண்ணீரை அளந்து ஊற்றிய அத்தனை சாயங்காலங்களும் நினைவுக்கு வந்தன, அவ்வளவுதான். நெஞ்சில் எதுவோ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமல் இருந்தது.

அடுத்த நாள் லீவு போட்டான். ஜெயராணி பூங்கோதையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துக்கொண்டாள். ராஜவேல் மோட்டாரை நிறுத்தி, மூடிபோட்ட பெயிண்ட் வாளிகளில் தண்ணீரை அள்ளி நிரப்பினான். கடைசியில் பாசி. அடியோடு பிடுங்கக் கையை விட்டான். அது வழுக்கவில்லை. மணிக்கட்டைச் சுற்றி மெத்தென்று பிடித்துக்கொண்டது. குளிர்ந்திருக்கும் என்று நினைத்தான். அவன் உடம்புச் சூடு எவ்வளவோ அவ்வளவே இருந்தது. வெளியே எடுத்தபோது கனத்தது. ஒரு கை கீழே கொடுத்து, மார்போடு அணைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. ஸ்வேதா பிறந்த அன்று, இதைவிட இலேசான ஒன்றை ஆஸ்பத்திரியில் இப்படித் தூக்கியிருக்கிறான். வாளியில் வைத்து மூடியை அழுத்தியதும் இரண்டு கைகளும் மரத்துவிட்டன. உதறிப் பார்த்தான். உணர்வு வரவில்லை.

துறைமுகத்தில் பழக்கமான காத்தமுத்து ஆட்டோ கொண்டுவந்தான். வழியெல்லாம் மழையைப் பற்றி, கப்பல் தாமதத்தைப் பற்றி, உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். ஊருக்குத் தெற்கே பாறைகள் நிறைந்த கரை. அஸ்தி கரைத்த அதே இடம். கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. காத்தமுத்து ரோட்டிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டான்.

கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். பார்த்தால் ஆசை காட்டி அழைத்தது மாதிரி. ராஜவேல் அன்றைக்குச் சரியாகத்தான் செய்தான். திரும்பாமல் நடந்து வந்தான். வீட்டுக்கு வந்து, கரைத்த தண்ணீர் என்று தெரியாமல், தினமும் அதன் முன்னால் போய் நின்றிருக்கிறான். இன்றைக்கு அந்தத் தப்பைச் சரிசெய்துவிடலாம்.

முழங்கால் ஆழத்தில் இறங்கி ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்தான். பாசியைக் கவிழ்த்தபோது அது அலையோடு போகவில்லை. உள்வாங்குகிற தண்ணீர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போக, அது மட்டும் அவன் கால்களைச் சுற்றி விரிந்து, அசையாமல் நின்றது. தள்ளினான். மரத்த கைகளால் தள்ளித் தள்ளி ஆழத்துக்கு அனுப்பினான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. காலேஜ் பஸ்ஸுக்கு ஓடுகிறவளிடம் வாசலில் நின்று சொல்வதை, நாக்குப் பழக்கத்தில் சொன்னான்.

"போயிட்டு வா கண்ணு."

செத்தவர்களை அப்படி வழியனுப்பக் கூடாது. அது நினைவுக்கு வந்தபோது சொல்லி முடித்திருந்தான்.

காலி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டு கரையேறினான். திரும்பிப் பார்க்கவில்லை. ஈர மணலில் அவன் காலடிச் சத்தம் கேட்டது. நின்றான். சத்தம் உடனே நிற்கவில்லை.

நடந்தான். ஆட்டோ பக்கத்தில் வந்ததும் காத்தமுத்து எதையோ சொல்ல வாயெடுத்து, ராஜவேலின் தோளுக்குப் பின்னால் பார்த்து, வாயை மூடிக்கொண்டான். வண்டியைக் கிளப்பினான். வழியில் ஒரு வார்த்தை இல்லை. தலைக்கு மேலே இருந்த, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைக் கையால் வெளிப்பக்கம் திருப்பிவிட்டான். சீட்டுக்குப் பின்னால் காலி வாளிகள். ஒவ்வொரு வளைவிலும் அங்கே தண்ணீர் அலம்பியது. கழுத்தில் கடல் வாடை பட்டது. சூடாக. விட்டுவிட்டு.

வீட்டுக்கு முன்னால் இறங்கினான். பணத்தை நீட்டினான். காத்தமுத்து வாங்கவில்லை. வண்டி போயிற்று. வாளிகளோடே போயிற்று.

தெரு இருட்டு. கொய்யா மரம். வாசற்படி. பின்னால் சொட்டுச் சத்தம். நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது.

கதவு திறந்திருந்தது. பூங்கோதை ஜெயராணி வீட்டிலிருந்து வந்துவிட்டிருந்தாள். காலித் தொட்டியின் மேல் ஊதா விளக்கு எரிந்துகொண்டிருக்க, அவள் அதற்கு முன்னால் வெறுங்கையோடு நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

அவள் முகம் உடைந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை நாளாக எந்த முகத்துக்காக ஏங்கினானோ அந்த முகம்.

"என்னடி இது, தலைகூடத் துவட்டாம ஈரத்தோட வந்து நிக்கிற" என்றாள். பிறகு அவனிடம், "ஏங்க, கொஞ்சம் தள்ளுங்க. பிள்ளை உள்ள வரட்டும்."

தள்ளக் கூடாது. அது அவனுக்குத் தெரியும். கதவைச் சாத்த வேண்டும். அவளை இழுத்துக்கொண்டு அடுப்படி வழியாக ஓட வேண்டும். ஆனால் தள்ளாவிட்டால் அந்த முகம் மறுபடி மூடிக்கொள்ளும். இனி ஒருபோதும் திறக்காது. கைகளில் இருந்த மரப்பு தோளுக்கு ஏறி, நெஞ்சுக்கு இறங்கியது. பயமும் அதற்குள் போய் அமுங்கியது. அது சுகமாகக்கூட இருந்தது.

ராஜவேல் சுவரோரமாகத் தள்ளி நின்றான்.

ஈரமாக எதுவோ அவன் கையை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. கையில் எதுவும் தெரியவில்லை. அது நனைந்திருந்ததைக் கண்ணால்தான் பார்த்தான். பூங்கோதை கொடியிலிருந்து துண்டை உருவி, நாற்காலியை இழுத்துப் போட்டு, அதை உட்கார வைத்து, தலையில் துண்டைப் போட்டாள். துவட்டினாள். சிவப்பு இழைகள் பிய்ந்து பிய்ந்து தரையில் விழுந்தன.

"எம்புட்டு வளந்துட்டா பாருங்க" என்றாள்.

அவன் பார்த்தான். அவள் உள்ளங்கைகள் இரண்டு பக்கமும் அழுத்திய இடத்தில் துண்டு உள்ளே போனது. இன்னும் உள்ளே போனது. நடுவில் தடுக்க ஒன்றும் இல்லாமல் அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. அவள் சிரித்தபடியே துவட்டிக்கொண்டிருந்தாள்.