இரண்டரைக் குழந்தைகள்

அழுகை பாதியில் நின்றது. பசியாறி ஓய்கிற அழுகை அல்ல. ஏறிக்கொண்டிருந்த குரல் சட்டென்று அறுந்தது. சற்று நேரத்தில் மறுபடி தொடங்கி, அதே இடத்தில் நின்றது.

அர்த்தனாரி மூச்சு வாங்க நின்றார். காலையில் மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஏறத் தொடங்கியவர், ஆலத்தூர் நாட்டின் இந்தக் கடைசிக் குடியிருப்பை அடையும்போது உச்சிப்பொழுது. ஆனாலும் மஞ்சு பனிமூட்டமாய் இறங்கிக் கூரைகளை மூடியிருந்தது. ஈர மண்ணும் அடுப்புப் புகையும் கலந்து மணத்தன.

அவர் காய்ச்சல் தடுப்பு ஆபீஸ் குமாஸ்தா. போன வருஷம், 1945இல், பட்டணத்து அதிகாரி புதிதாக ஓர் அணிக் கணக்கு கொடுத்திருந்தார். வயதுவாரியாகக் கட்டங்கள், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு எத்தனை பங்கு பேர் உயிரோடு போவார்கள் என்று ஓர் எண், பெருக்கினால் வரப்போகும் ஜனத்தொகை. அந்த எண்ணை மலையேறி விசாரித்து எழுத வேண்டும். இவரோ முழங்கால் வலியைச் சாக்கிட்டு, அடிவாரத்திலேயே உட்கார்ந்து குழந்தைகளுக்கு 'அரை' என்று எழுதிவிட்டார். வந்த விடை அளவுக்குத்தான் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை மேலே போனது. இப்போது சரிபார்க்க அனுப்பியிருக்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதல் குடிசை வாசலில் சின்னாயி என்கிற பெண், துணிச்சுருளை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"ஏனுங்க சாமி, மாத்திரை ஆபீஸுங்களா?"

"ஆமாம்மா. கைக்குழந்தைங்க எத்தனை?"

"அஞ்சு இருந்துச்சுங்க. ரெண்டரைக்குத்தான் மாத்திரை வந்துச்சு. ரெண்டு புள்ளைக்கு முழுசாக் குடுத்தோம். எம்புள்ளைக்குப் பாதிங்க."

"மீதி ரெண்டு?"

அவள் சரிவைக் காட்டினாள். சின்னதாய் இரண்டு மண்மேடுகள்.

என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. "உன் பிள்ளை பிழைச்சிருச்சில்ல?" என்று மட்டும் கேட்டார். கேட்டதற்கே கூசினார்.

"நீங்களே பாத்து எழுதிக்கோங்க."

துணிச்சுருள் அவர் கைக்கு வந்தது. சூடு. பால் வாடை. மிக லேசான கனம்.

அழுகை தொடங்கியது. நின்றது.

துணியை விலக்கினார்.

ஒரு கண். ஒரு கை. ஒரு கால்.

ரத்தமில்லை. காயமில்லை. உச்சந்தலையிலிருந்து கீழே, கட்டத்துக்குக் கோடு இழுத்ததுபோல, அங்கே குழந்தை முடிந்திருந்தது. அதற்கப்பால் வெறும் துணி.

சின்னாயி அவர் காதருகே குனிந்தாள்.

"முழுசுன்னே எழுதுங்க, சாமி."

அவர் விரலிடுக்கிலிருந்த பென்சில் நழுவி விழுந்தது. அந்த ஒற்றைக் கை துழாவி, அவர் கட்டைவிரலை இறுகப் பற்றிக்கொண்டது.